கேமராவும் ஒரு கேஜ்தான்

எங்கள் லைனில் ஒரு அலுமினிய ஹவுசிங் ஓடுகிறது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம்தான் அதன் உயிர். அந்தப் பள்ளத்தில் ப்ளோ ஹோல், அதாவது வார்ப்பில் காற்று சிக்கி விழும் ஓட்டை, இருந்தால் எண்ணெய் கசியும். முன்பெல்லாம் நாலு பேர் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஏ.ஐ. கேமரா ஒன்று எடுத்துக்கொண்டது. நல்லது என்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. எட்டு மாதம் ஒரு கம்ப்ளைண்ட்கூட வரவில்லை. அதனால் அந்த ஸ்டேஷனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். ஒருநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே கஸ்டமரிடமிருந்து போன். அவர்களுடைய லீக் டெஸ்ட்டில் மூன்று பீஸ் ஃபெயில். மூன்றும் ஒரே தேதி, ஒரே நைட் ஷிஃப்ட்.

பீஸ்கள் வந்து சேர்ந்ததும் கையில் வாங்கிப் பார்த்தேன். பள்ளத்தின் உள் மூலையில், ஊசியால் குத்தியதுபோல ஓர் ஓட்டை. லென்ஸே தேவைப்படவில்லை. விரல் நகத்தை மெல்ல ஓட்டினால் அந்த இடத்தில் தட்டியது. இதைக் கேமரா எப்படி விட்டது?

மூன்றையும் அதே ஸ்டேஷனில் வைத்து ஓட்டினோம். மூன்றுக்கும் பச்சை. ஆனால் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு எண் வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. பழுது இருப்பதற்கான மதிப்பெண் அது, 0 முதல் 1 வரை. மூன்று பீஸுக்கும் 0.58, 0.61, 0.66 என்று வந்தது. அதாவது கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஏ.ஐ. மாடல் ஓட்டையைப் பார்த்திருக்கிறது. ஸ்டேஷனை ஏற்றுக்கொண்ட அன்று 0.50-ஐத் தாண்டினால் சிவப்பு என்று வைத்திருந்தோம். இப்போது செட்டிங்கைத் திறந்தால் அங்கே 0.72 இருக்கிறது.

யார் மாற்றியது என்று தேடிப் போனால் பழி சொல்ல ஆள் கிடைக்கவில்லை, காரணம்தான் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் வாஷிங் மெஷின். கழுவி வரும் பீஸைக் காற்றடித்து உலர்த்தும் நாஸில்களில் ஒன்று அடைத்திருக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் தங்கி, காய்ந்து, வட்டமாகக் கறை படிந்திருக்கிறது. கேமரா அந்தக் கறையை ஓட்டை என்று எடுத்துக்கொண்டு நல்ல பீஸையெல்லாம் சிவப்பில் தள்ளியிருக்கிறது. ராத்திரி ரெண்டு மணி, சிவப்பு டப்பா நிரம்பி வழிகிறது, காலையில் வண்டி கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் கேமரா சப்ளையருடைய சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் தூரத்திலிருந்தே கனெக்ட் செய்து அளவைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்திருக்கிறார். ரிஜெக்‌ஷன் நின்றது, வண்டியும் கிளம்பியது. எல்லாருமே அவரவர் வேலையை நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். மறுநாள் யாரோ நாஸிலையும் மாற்றிவிட்டார்கள். அந்த 0.72 மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஷிஃப்டிலிருந்து அன்றுவரை போன பீஸ் அத்தனையையும் மூன்று நாள், டார்ச்சும் லென்ஸுமாக, கையால் பார்த்துப் பிரித்தோம். அந்த மூன்று நாள் முழுக்க எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. இதே லைனில் ஒரு மைக்ரோமீட்டரை யாராவது அனுமதியில்லாமல் திருகியிருந்தால் ப்ளாண்டே அதிர்ந்திருக்கும். கேஜுக்கு, அதாவது அளவுக் கருவிக்கு, நம்பர் உண்டு, சரிபார்த்ததற்கான காலிப்ரேஷன் ஸ்டிக்கர் உண்டு, கீழே விழுந்தால்கூட ரிப்போர்ட் எழுத வேண்டும். கேமராவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அது சாஃப்ட்வேர் என்பதால் ஐ.டி. விவகாரம் என்று நாங்கள் நினைத்தோம். ஐ.டி.யில் இருப்பவர்கள் அதை மெஷின் என்று நினைத்தார்கள்.

முதல் வேலையாக அந்த ஸ்டேஷனைக் கேஜ் பட்டியலில் ஏற்றினேன். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒரு பொருள் கேஜ் என்று ஆகிவிட்டால் மற்ற ஒழுங்கெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். த்ரெஷோல்ட், அதாவது சிவப்புக்கான அந்த எல்லை எண், எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கன்ட்ரோல் பிளானில் ஏறியது. பாஸ்வேர்ட் ஷிஃப்டிடமிருந்து குவாலிட்டிக்கு வந்தது. தூரத்திலிருந்து சர்வீஸ் ஆள் நுழைவதற்கான கனெக்‌ஷனைக் கழற்றி வைத்தோம். நாங்கள் செருகினால்தான் அவர் உள்ளே வர முடியும். தர நிர்வாகத்துக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 9001:2015-ல் 8.5.6 என்று ஒரு பிரிவு இருக்கிறது. உற்பத்தியில் எதை மாற்றினாலும் அதை ஆராய வேண்டும், யார் அனுமதித்தார் என்று பதிவு வைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். டூல் மாற்றும்போதும் மெட்டீரியல் மாற்றும்போதும் எங்களுக்குத் தவறாமல் நினைவுக்கு வந்த பிரிவு அது. ஒரு எண்ணை மாற்றும்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவதாக, வாங்கும்போது சப்ளையர் கொடுத்த ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி படித்தேன். துல்லியம் 99.2 சதவீதம் என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தது. அன்று அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். இப்போது பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் லைனில் ஆயிரத்துக்கு நாலு பீஸ் கெட்டது வரும். கேமராவைக் கழற்றிவிட்டு, வரும் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டும் ஒரு பல்பை அங்கே மாட்டினால்கூட ஆயிரத்தில் 996 சரியாக இருக்கும். துல்லியம் 99.6 சதவீதம்! கெட்ட பீஸில் ஒன்றைக்கூடப் பிடிக்காத பல்பு அந்த ரிப்போர்ட்டை ஜெயித்துவிடும்.

அதனால் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை எங்கள் ப்ளாண்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. இரண்டு எண்ணைத் தனித்தனியாகக் கேட்கிறோம். கெட்டதில் எத்தனை நழுவியது? நல்லதில் எத்தனை வீணாகத் தள்ளப்பட்டது? ஆட்டோமொபைல் துறையில் எல்லாரும் கையில் வைத்திருக்கும் ஏ.ஐ.ஏ.ஜி. என்ற அமெரிக்க வாகனத் துறை அமைப்பின் எம்.எஸ்.ஏ. கையேடு, அளவீட்டு முறைகளையே ஆராயும் கையேடு, மனித இன்ஸ்பெக்டருக்கே இதற்கு அளவு சொல்கிறது: நழுவல் 2 சதவீதத்துக்குள், வீண் நிராகரிப்பு 5 சதவீதத்துக்குள். அதே அளவைக் கேமராவுக்கும் வைத்தோம்.

வைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. சப்ளையர் சோதித்த கெட்ட பீஸ் மொத்தம் 40. நாற்பதையும் பிடித்தது, அதனால் நழுவல் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்கள். புள்ளியியலில் மனக்கணக்காகப் போடக்கூடிய ஒரு வழி உண்டு. ஒரு தவறுகூட வராத சோதனையில், 3-ஐச் சோதித்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் உண்மையான தவறு இருக்கக்கூடிய மேல் எல்லை, 95 சதவீத நம்பிக்கையோடு. 3-ஐ 40-ஆல் வகுத்தால் 7.5 சதவீதம். அதாவது நாற்பதையும் பிடித்த கேமரா, நூறில் ஏழைத் தாராளமாக நழுவவிடும் கேமராவாகவும் இருக்கலாம். 2 சதவீதத்துக்குள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் 150 கெட்ட பீஸைக் காட்டி, ஒன்றுகூட நழுவாமல் பிடிக்க வேண்டும்.

அந்த 150 பீஸுக்கு எங்கே போவது? எங்கள் ரிஜெக்‌ஷனெல்லாம் அன்றன்றே உலைக்குப் போய் உருகிவிடும். அதை நிறுத்தச் சொல்லி ப்ரொடக்‌ஷனோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பல மாதம் சேர்த்தோம். இன்றைக்கும் எங்கள் டிபார்ட்மென்ட்டில் பூட்டு போட்டு வைத்திருக்கும் ஒரே அலமாரி அந்தக் கெட்ட பீஸ் அலமாரிதான். ஏ.ஐ. இன்ஸ்பெக்‌ஷன் வாங்கப்போகிற யாராவது என்னிடம் கேட்டால், ஆர்டர் போடுவதற்கு முன்பே கெட்ட பீஸைச் சேர்க்க ஆரம்பியுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். சேர்த்ததில் ஒரு பங்கை மாடலுக்குக் கற்றுக்கொடுக்கத் தரலாம். இன்னொரு பங்கைச் சப்ளையர் கண்ணில்கூடக் காட்டக் கூடாது. வினாத்தாளை முன்னாடியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் எல்லாரும்தான் பாஸ்.

இந்தப் பீஸ்களைப் பிரிக்க உட்கார்ந்தபோது நடந்தது எனக்குப் பெரிய பாடம். 60 பீஸ் எடுத்தோம். நல்லது, கெட்டது, இரண்டுக்கும் நடுவில் இழுபறியானது என்று எல்லாம் கலந்து. அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர்கள் மூன்று பேர். ஒவ்வொருவரும் மூன்று முறை, வரிசையை மாற்றி மாற்றி, அடுத்தவர் சொன்னது தெரியாமல் பார்த்தார்கள். முடிவைப் பார்த்தால் 17 பீஸில் மூவருக்குள் ஒத்துப்போகவில்லை. அதைவிடக் கவலையான விஷயம், சில பீஸில் ஒரே ஆள் காலையில் நல்லது என்று சொன்னதை மாலையில் கெட்டது என்று சொல்லியிருந்தார்.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிராயிங்கில் ஓட்டை 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம் என்றுதான் இருந்தது. சின்னச் சின்ன ஓட்டை மூன்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்? பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்? அதற்கு டிராயிங்கில் பதில் இல்லை. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய பதிலை வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று விதமான பதிலையும் கலந்துதான் படங்களுக்கு நல்லது, கெட்டது என்று பெயர் ஒட்டி மாடலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். மாடல் குழம்பவில்லை. எங்கள் குழப்பத்தை அது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தது.

கஸ்டமர் பக்கத்து இன்ஜினியரை வரவழைத்து, மேஜையில் பீஸ்களைப் பரப்பி, எது கடைசியாக ஏற்கக்கூடியது, எது முதலில் தள்ள வேண்டியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அரை நாள் ஆனது. லிமிட் சாம்பிள் பலகை ஒன்று தயாராகி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். பிறகு பழைய படங்களை மறுபடி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துப் பெயர் ஒட்டினார்கள். இருவரும் ஒத்துப்போகாத படத்துக்கு மூன்றாமவர் தீர்ப்பு. அதே மாடல், அதே கேமரா, அதே லைட். மறுபடி பயிற்சி கொடுத்ததும் நழுவலும் குறைந்தது, வீண் நிராகரிப்பும் குறைந்தது. ஏ.ஐ.யின் தரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் படத்துக்குப் பெயர் ஒட்டிய ஆளின் தெளிவுதான் என்று அன்று கண்கூடாகப் பார்த்தேன்.

தினசரிச் சோதனைக்கு என்.ஜி. (நோ குட்) மாஸ்டர் வைத்தோம். தெரிந்த பழுதுள்ள ஐந்து பீஸ். ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் ஓட்ட வேண்டும், ஐந்துக்கும் சிவப்பு வர வேண்டும். ஆட்டோமொபைல் துறையின் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 இப்படிப்பட்ட சோதனைப் பீஸ்களை அடையாளமிட்டு, கட்டுப்பாட்டில் வைத்து, சரிபார்க்கச் சொல்கிறது. செய்தோம், மாதக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அப்படிப் பிசகே இல்லாமல் போனதுதான் என்னை உறுத்தியது. ஒருநாள் பயிற்சிக்கான படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஸ்டேஷன் தான் சிவப்பு காட்டும் ஒவ்வொரு படத்தையும் தானாகவே சேமித்து, அடுத்த பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தினமும் ஓட்டும் மாஸ்டர் பீஸ்களின் படங்களும் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த ஐந்து பீஸையும் மாடல் மனப்பாடம் செய்துவிட்டது. வேறு எதை மறந்தாலும் அதை மறக்காது. இப்போது மாஸ்டர் பீஸ்களின் படங்கள் பயிற்சிக்குள் போகாதபடி சீரியல் நம்பரை வைத்து வடிகட்டுகிறோம். மூன்று செட் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். மாஸ்டர் என்று காட்டும் பெயின்ட் அடையாளத்தைக் கேமரா பார்க்காத பக்கத்தில் போடுகிறோம். ஓட்டையை விட்டுவிட்டுப் பெயின்ட்டைப் பார்த்தே சிவப்பு காட்டக் கற்றுக்கொள்ளும் அபாயம் அதற்கு உண்டு.

மாஸ்டர் ஃபெயில் ஆனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒரு அளவுக் கருவி சரியில்லை என்று தெரிந்தால், அதற்கு முன் அளந்ததெல்லாம் செல்லுமா என்று பார்க்கச் சொல்கிறது ஐ.எஸ்.ஓ. 9001-ன் 7.1.5. கடைசியாக மாஸ்டர் பாஸ் ஆன நேரத்திலிருந்து ஓடிய அத்தனை பீஸும் சந்தேகப் பட்டியலில் வரும். அவை ஏற்கெனவே வண்டி ஏறிவிட்டால் அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்வது? அதனால் ஷிஃப்ட் முடிவுச் சோதனை பாஸ் ஆகாமல் அந்த ஷிஃப்டின் சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தோம். டிஸ்பேட்சுக்கு இதில் வருத்தம்தான். ஆனாலும் இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

ஷிஃப்ட் வாரியாக ரிஜெக்‌ஷன் சதவீதத்தை, மேல் எல்லையும் கீழ் எல்லையும் வரைந்த ஒரு கன்ட்ரோல் சார்ட்டிலும் போடுகிறோம். 1924-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் வரைந்து கொடுத்த கருவி அது. நூறு வருஷத்துக்குப் பிறகும் ஏ.ஐ.யைக் கண்காணிக்க அதைவிட எளிமையான ஒன்றை நான் பார்க்கவில்லை. கீழ் எல்லையைத் தாண்டினாலும் லைனை நிறுத்து என்பது மட்டும் நாங்கள் அழுத்திச் சொல்லிச் சேர்த்தது. ரிஜெக்‌ஷன் ஏறினால் எல்லாரும் ஓடி வருவார்கள், சட்டென்று இறங்கினால் கைதட்டுவார்கள். அந்த ராத்திரிக்கு மறுநாள் எங்கள் போர்டில் ரிஜெக்‌ஷன் மாதத்திலேயே குறைவு என்று பச்சை மார்க்கரில் எழுதியிருந்தது. அன்று இந்தச் சார்ட் இருந்திருந்தால் காலை எட்டு மணிக்கே பிடித்திருப்போம்.

பிறகு வந்த ஆடிட்டில் ஆடிட்டர் ஒரு பீஸைக் கையில் எடுத்து மூன்று கேள்வி கேட்டார். இதைப் பார்த்தது மாடலின் எந்த வெர்ஷன்? அந்த வெர்ஷனுக்கு அனுமதி கொடுத்தது யார்? எந்தப் படங்களை வைத்துக் கற்றுக்கொடுத்தீர்கள்? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பேப்பர் காட்டினோம். முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு என்.சி., அதாவது விதிப்படி இல்லை என்ற குறிப்பு, வாங்கிக்கொண்டோம், நியாயமான என்.சி. இப்போது ஒவ்வொரு பீஸின் அடையாள எண்ணோடும் வெர்ஷன், த்ரெஷோல்ட், மதிப்பெண், படம் நான்கும் சேர்ந்தே பதிவாகின்றன. பிற்பாடு ஒரு கம்ப்ளைண்ட் வந்தபோது அரை மணி நேரத்தில் படத்தோடு பதில் அனுப்ப முடிந்தது.

சட்டம் பற்றியும் கொஞ்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தது. ஏ.ஐ. நிர்வாகத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 42001 என்ற தரநிலை 2023 டிசம்பரில் வெளியாகியிருக்கிறது. பீஸைப் பார்க்கும் கேமரா அந்தச் சட்டத்தில் உயர் ஆபத்துப் பட்டியலில் பெரும்பாலும் வராது. ஆனால் ஊழியரின் செயல்திறனைக் கண்காணித்து மதிப்பிடும் ஏ.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேலையிடத்தில் ஊழியரின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பதோ, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடையே செய்யப்பட்டு 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. இதை நான் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் மீட்டிங் ஒன்றில், கேமரா டேட்டாவை வைத்தே எந்த ஆபரேட்டர் எத்தனை ரிஜெக்ட் போடுகிறார் என்று ரேங்க் எடுக்கலாமே என்று யோசனை வந்தது. பீஸைப் பார்க்க வாங்கிய கருவி ஆளைப் பார்க்க ஆரம்பித்தால் சட்டத்தில் அதன் இடமே மாறிவிடும். அதைவிட, ஆபரேட்டர் நம்மிடம் உண்மை சொல்வது அன்றோடு நின்றுவிடும். நான் கடுமையாக எதிர்த்தேன், யோசனை கைவிடப்பட்டது.

அந்த முதல் கம்ப்ளைண்ட்டுக்கு 8டி ரிப்போர்ட், காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியாகக் கஸ்டமருக்குச் சொல்லும் ரிப்போர்ட், எழுதும்போது எங்கள் ஜூனியர் ஒருவர் ஒரு சாட் ஏ.ஐ.யிடம் விஷயத்தைச் சொல்லி எழுதி வாங்கி வந்தார். மூலகாரணம் தேட அடுத்தடுத்துக் கேட்கும் ஐந்து ஏன்-களும் அழகாக, ஒன்றின் மேல் ஒன்று படிக்கட்டுபோல ஏறின. கடைசிப் படியில் ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை என்று இருந்தது. படித்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் நாஸில் அடைத்திருந்தது அதற்கு எப்படித் தெரியும்? வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்து கையை விட்டுப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். அந்த ஜூனியரைக் கூட்டிக்கொண்டுபோய், கழற்றிப் போட்டிருந்த பழைய நாஸிலைக் காட்டினேன். உள்ளே சுண்ணாம்புப் படிவும் அலுமினியத் தூளும் சேர்ந்து கல்போல இறுகியிருந்தது. அந்தக் கல்லை ஒரு சின்னக் கவரில் போட்டு ரிப்போர்ட்டோடு வைத்தார்.

சாட் ஏ.ஐ.யை நாங்கள் ஒதுக்கவில்லை. நீளமான வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனை எளிய வாக்கியங்களாக மாற்ற, பழைய கம்ப்ளைண்ட்களில் திரும்பத் திரும்ப வருவதைத் தேட, ரிப்போர்ட்டில் எந்தக் கட்டம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க நன்றாக உதவுகிறது. மூலகாரணத்தை மட்டும் அதனிடம் கேட்பதில்லை. அது சொல்லும் பிரிவு எண்களைத் தரநிலைப் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்காமல் எழுதுவதில்லை. கஸ்டமரின் டிராயிங்கையோ பெயரையோ கம்பெனி அனுமதிக்காத எந்தச் சேவையிலும் ஏற்றுவதில்லை.

போன மாதம் ராத்திரி ஒன்றேகாலுக்கு எனக்கு ஒரு போன். லைனில் இருக்கும் அக்கா. முன்பு லென்ஸ் வைத்துப் பார்த்த அந்த நாலு பேரில் ஒருவர், இப்போது அந்த ஸ்டேஷனுக்குப் பொறுப்பு அவர்தான்.

“சார், மூணாம் நம்பர் மாஸ்டர் பச்சை காட்டுது. லைனை நிறுத்திட்டேன்.”

“அக்கா, இது ஷிஃப்ட் நடுவுல இல்ல? ஏன் இப்ப மாஸ்டர் ஓட்டினீங்க?”

“திரையில படம் கொஞ்சம் பால்மாதிரி தெரிஞ்சுது சார். மனசு கேக்கல, ஓட்டிப் பாத்தேன்.”

நான் போய்ச் சேரும்போது கேமரா லென்ஸ் மேல் ஆயில் மிஸ்ட் மெல்லிய படலமாகப் படிந்திருந்ததைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஷிஃப்ட் தொடக்கத்திலிருந்து ஓடிய 212 பீஸும் தனியாக நின்றன, ஒவ்வொரு ட்ரேயிலும் சிவப்பு டேக். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்கா லாக்புக்கில் நேரம், மாஸ்டர் நம்பர், பீஸ் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிராயரிலிருந்து தன் பழைய லென்ஸை எடுத்தார். முதல் ட்ரேயை விளக்குக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டார். நான் இரண்டாவது ட்ரேயை எடுத்துக்கொண்டேன்.